பாமிர் பாதைக்கு வண்டியைத் தயார்செய்து தந்தவருக்கு நன்றி

கிர்கிஸ்தானின் ஓஷ் நகரிலிருந்து பாமிர் நெடுஞ்சாலை வழியாகத் தஜிகிஸ்தானுக்குள் செல்லும் அடுத்த கட்டப் பயணத்துக்கு என் மோட்டார் சைக்கிளைத் தயார்செய்து தந்த, தம் பெயரை எங்கும் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட அன்பருக்கு என் மனமார்ந்த நன்றி. அந்தப் பாதையிலுள்ள 4,655 மீட்டர் உயரமுள்ள அக்பைதால் கணவாயில் காற்றின் அடர்த்தி குறைவதால், காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் உள்ள வண்டிகளில் பெட்ரோலின் விகிதம் கூடி இன்ஜின் திணறும் என்பதைப் பொறுமையாக விளக்கிய அவர், பெட்ரோல் பாயும் அளவைத் தீர்மானிக்கும் துளையுள்ள சிறு உறுப்பான மெயின் ஜெட்டைக் கழற்றிச் சற்றே சிறிய துளையுள்ள ஒன்றை மாட்டினார். பழையதைக் காகிதத்தில் மடித்து என் கையில் கொடுத்து, "கீழே இறங்கியதும் மறக்காமல் மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் இன்ஜின் சூடேறிவிடும்" என்றார். செயினின் தளர்வைக்கூட, பெட்டிகளையெல்லாம் ஏற்றி, என்னையும் மேலே உட்காரவைத்த பிறகே அளந்தார். அவசரப் பட்டறைகளில் இதை எதிர்பார்க்கவே முடியாது. கிர்கிஸ்தான் எல்லைக்கு அருகிலுள்ள சாரிதாஷ் கிராமத்தைத் தாண்டினால் தஜிகிஸ்தானிலுள்ள முர்காப் ஊர் வரை பெட்ரோல் கிடைக்கும் என்று நம்பிப் புறப்படக் கூடாது என்று சொல்லி, கூடுதல் கேனை வைக்க இடமும் ஒழுங்குசெய்து தந்தார். இத்தனைக்கும் கூலி வாங்க மறுத்துவிட்டார் என்பதில் மட்டும் எனக்கு அவர்மீது சிறிய வருத்தம் உண்டு.