ஏற்றிய பாடத்தை எடுக்கவும் வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிகளின் இணையவழி வகுப்புகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்த எல்.எம்.எஸ். (பாடங்களை ஏற்றி, தேர்வு வைத்து, மாணவர் பதிவுகளை வைத்திருக்கும் மென்பொருள்) மலிவு, எதில் வீடியோ தடையில்லாமல் ஓடுகிறது என்றெல்லாம் விவரமாக இருந்தது. ஒப்பந்தம் முடிந்து கல்லூரி வேறு நிறுவனத்துக்கு மாறினால் அதுவரை ஏற்றிய பாடங்கள் என்ன ஆகும் என்ற கேள்வி மட்டும் இல்லை. அதைக் கேட்காமல் விட்டதால் பட்டவள் என்பதால் எழுதுகிறேன்.

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய், புதுச்சேரியில் ஒரு தனியார் கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். 2020இல் கொரோனாவால் கல்லூரியை மூடியபோது நிர்வாகம் அவசரமாக ஒரு எல்.எம்.எஸ். வாங்கியது. யாரும் நிதானமாக விசாரித்து வாங்கக்கூடிய நேரம் இல்லை அது. அடுத்த மூன்று ஆண்டுகளில் கணக்குப் பதிவியலுக்கு மட்டும் 60 பாடங்களும் சுமார் 900 கேள்விகளும் தமிழில் தயாரித்து அதில் ஏற்றினேன். பேரேட்டில் பற்று எழுத வேண்டிய இடத்தில் வரவு எழுதினால், அது ஏன் தவறு என்ற விளக்கம் அங்கேயே தோன்றும். ஒவ்வொரு தவறான விடைக்கும் அப்படி ஒரு விளக்கம். பிள்ளைகள் தூங்கிய பிறகு உட்கார்ந்து எழுதியவை அவை.

2023இல் கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்று கல்லூரி வேறு நிறுவனத்துக்கு மாறியது. பழைய நிறுவனத்திடம் பாடங்களைத் திருப்பிக் கேட்டோம். பிடிஎஃப் கோப்புகளை ஒரு ஜிப்பில் போட்டு அனுப்பினார்கள். கேள்விகள் இருந்தன, எது சரியான விடை என்ற குறிப்பு இல்லை, விளக்கங்கள் ஒன்றுகூட இல்லை. மாணவர்கள் எந்தப் பாடம் வரை முடித்தார்கள் என்ற பதிவும் போய்விட்டது. இதையெல்லாம் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதவில்லை, அதனால் எங்களால் கேட்கவும் முடியவில்லை.

தமிழில் தட்டச்சு செய்து பழகியவர்களுக்கு இந்த வேதனை தெரியும். ஒரு காலத்தில் ஆளுக்கொரு எழுத்துரு இருந்தது. ஒரு கணினியில் அடித்த கடிதத்தை இன்னொன்றில் திறந்தால் புரியாத குறிகளாகத் தெரியும். 1999இல் டாம், டாப் என்று தரம் வகுத்தார்கள். 2010இல் எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடைத் தமிழக அரசு ஏற்றது. இன்று யார் அனுப்பினாலும் யாருடைய கைப்பேசியிலும் படிக்க முடிகிறது என்றால் அந்தப் பொதுத் தரம்தான் காரணம்.

பாடங்களுக்கும் அப்படிப்பட்ட தரங்கள் எப்போதோ வந்துவிட்டன. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஏ.டி.எல். திட்டம் 2000இல் ஸ்கார்ம் என்ற ஒன்றை வெளியிட்டது. ஒரு மென்பொருளுக்காகச் செய்த பாடத்தை இன்னொன்றுக்காக மறுபடி காசு கொடுத்துச் செய்யக் கூடாது என்பதுதான் நோக்கம். இதில் பாடம் ஒரு ஜிப் கோப்பாக வரும். எந்தப் பக்கம் முதலில், எது அடுத்தது என்ற பட்டியல் அதற்குள்ளேயே இருக்கும். ஸ்கார்மை ஏற்கும் எந்த எல்.எம்.எஸ்.ஸிலும் அதை ஏற்றலாம். கேள்விகளை விடையோடும் விளக்கத்தோடும் இடம் மாற்றுவதற்குக் கியூ.டி.ஐ. என்ற தரம் தனியாக உண்டு.

ஸ்கார்ம் குறையில்லாதது என்று சொல்ல மாட்டேன். மாணவர் படிக்கும்போது எல்.எம்.எஸ்.ஸோடு தொடர்பு இருந்தால்தான் அவர் செய்தது அதில் பதிவாகும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, பாகூர் பக்கத்து மாணவிகள் பலருக்கு மின்சாரமும் இல்லை, நெட்டும் இல்லை. அந்த வாரத் தேர்வு அவர்களுக்குப் பூஜ்யம் என்று பதிவானது. பேசிச் சரிசெய்தோம், ஆனால் அந்தப் பிள்ளைகள் அழுதது எனக்கு மறக்கவில்லை. 2013இல் வந்த எக்ஸ்.ஏ.பி.ஐ. என்ற தரத்தில், நெட் இல்லாத நேரத்தில் செய்ததைச் சேமித்து வைத்துப் பின்னால் அனுப்பும் வசதியைச் செய்யலாம். மூடுல் என்ற எல்.எம்.எஸ்.ஸின் கைப்பேசிச் செயலியிலும், ஆசிரியர் அனுமதித்தால், தேர்வை முன்கூட்டியே இறக்கி நெட் இல்லாமல் எழுத முடியும். வருஷா வருஷம் புயலும் வெள்ளமும் பார்க்கிற நம் கடற்கரைக்கு இது அத்தியாவசியம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் வகுப்பில் பார்வையற்ற மாணவர் ஒருவர் இருக்கிறார். திரையைப் படித்துச் சொல்லும் இலவச மென்பொருள் வைத்திருக்கிறார். அது தமிழும் படிக்கும். ஆனால் புத்தகத்தை ஸ்கேன் செய்து படமாக ஏற்றிய பாடத்தில் அது படிக்க எழுத்தே இல்லை. படங்களுக்கு எழுத்தில் விளக்கம் வேண்டும், எல்லாவற்றையும் விசைப்பலகையாலேயே இயக்க முடிய வேண்டும் என்றெல்லாம் இணையத்துக்கான டபிள்யூ3சி அமைப்பு 2008லேயே விரிவாக வகுத்துவிட்டது. எல்.எம்.எஸ். வாங்கும் குழுவில் அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் அப்போது தெரியாது. அந்த மாணவருக்கு ஒரு பருவம் முழுக்க அவருடைய தங்கைதான் பாடங்களைப் படித்துக் காட்டினார்.

சரி, கல்லூரிகள் என்ன செய்யலாம்? புடவை எடுத்தால்கூடப் பிரித்துப் பார்த்துத்தான் எடுக்கிறோம். கையெழுத்துப் போடும் முன்பு, விற்க வருகிறவர் முன்னிலையிலேயே ஒரு பாடத்தை ஏற்றி, வெளியே எடுத்து, வேறொரு எல்.எம்.எஸ்.ஸில் திறந்து பார்க்க வேண்டும். மூடுல் 2002 முதல் இலவசமாகக் கிடைக்கிறது, சோதனைக்கு அதுவே போதும். ஒரு மதியம் ஆகும், அவ்வளவுதான். அப்புறம், விலகும்போது பாடம், கேள்வி, மாணவர் பதிவு மூன்றையும் பொதுத் தரத்தில் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும். மத்திய அரசின் ஸ்வயம் இணையவழிப் படிப்புகள் வழியாக ஒரு பருவத்தின் 40 சதவீதம் வரை கிரெடிட் பெறலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2021இல் அனுமதித்தது. மாணவர் பல இடங்களில் படிக்கும் காலத்தில் அவருடைய பதிவு ஒரே கம்பெனிக்குள் அடைபட்டுக் கிடப்பது நியாயமில்லை.

நான் என் கேள்விகளை இப்போது மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த முறை நோட்பேடில், மூடுல் படிக்கக்கூடிய கிஃப்ட் வடிவத்தில்: சரியான விடைக்கு முன் சமக்குறி, தவறானதற்கு முன் அலைக்குறி. வெறும் எழுத்துக் கோப்பு என்பதால் பிரதி என் பென் டிரைவிலேயே இருக்கிறது. 340 கேள்விகள் முடிந்திருக்கின்றன. எங்கள் கல்லூரியின் ஒப்பந்தம் அடுத்த ஆண்டு புதுப்பிக்கப்படும்போது அந்த ஒரு வரியைச் சேர்க்கும்படி முதல்வரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கடலூர், புதுச்சேரியின் மற்றக் கல்லூரிகளிலும் அந்த வரி இருக்கிறதா என்று உங்கள் நிருபர்கள் விசாரித்து எழுத வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வணிகவியல் ஆசிரியை ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.
(பெயரை வெளியிட வேண்டாம்.)