பத்து நாள் ரௌட்டரோட மல்லுக்கட்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம் சார்,

நான் தண்டையார்பேட்டைல சின்னதா எலக்ட்ரிக்கல் கடை வச்சிருக்கேன். ஒன்பதாவது படிக்கிற என் பையன் லீவுல வீட்டு கம்ப்யூட்டர்லயே மைன்கிராஃப்ட் கேமுக்கு சர்வர் போட்டான், எர்ணாவூர் அத்தை பசங்க, கொருக்குப்பேட்டை ஃப்ரெண்டு எல்லாம் சேர்ந்து விளையாடலாம்னு. வீட்டுக்குள்ள ஜம்முனு ஓடுது, வெளியில இருந்து ஒருத்தனாலயும் உள்ள வர முடியல. "அப்பா, போர்ட் ஃபார்வர்டிங் பண்ணணும்பா"ன்னான். ஒயரிங் பாத்த கைதானே, இது என்ன பெரிய விஷயம்னு உக்காந்தேன், அங்க ஆரம்பிச்சுது பேஜாரு.

நம்ம பக்கத்து ஒண்டுக்குடித்தனம் மாதிரிதான் இது. வாசல்ல ஒரே டோர் நம்பர், உள்ள பத்து குடும்பம். தபால்காரர் வந்தா எந்த வீட்டுக்குன்னு யாராச்சும் சொல்லணும்ல, அதைத்தான் ரௌட்டர்ல எழுதி வைக்கிறோம், மைன்கிராஃப்டோட போர்ட் நம்பர் 25565னு போட்டு வந்தா இந்த கம்ப்யூட்டருக்கு அனுப்புன்னு. எழுதினோம், அன்னிக்கு ராத்திரியே கரண்ட் போயி வந்துச்சு, கம்ப்யூட்டரோட ஐபி, அதாவது வீட்டு நெட்வொர்க்ல அதோட விலாச நம்பர், 192.168.1.5ல இருந்து 192.168.1.8 ஆயிடுச்சு, ரௌட்டர் பாட்டுக்கு இல்லாத ஆளுக்கு தபால் அனுப்பிட்டு இருக்கு. இதை கண்டுபிடிக்கவே ரெண்டு நாள். நம்பர் மாறாம ரௌட்டர்லயே ரிசர்வ் பண்ணோம். அடுத்து கம்ப்யூட்டருக்கு காவல் நிக்கிற விண்டோஸ் ஃபயர்வால், அதுலயும் சர்வரை ஓட்டுற ஜாவாவுக்கு அனுமதி குடுத்தாச்சு. அப்புறம் வீட்டு வைஃபைல இருந்துகிட்டே வெளி ஐபி, அதாவது வெளி உலகத்துக்கு தெரியிற நம்பர் போட்டு டெஸ்ட் பண்ணி வரல வரலன்னு புலம்பிட்டு இருந்தோம், நிறைய ரௌட்டர்ல அப்படி வராதாம், மொபைல் டேட்டாவுல பாத்தாதான் நிஜம் தெரியும். அதுலயும் பாத்தோம், அப்பவும் வரல.

நெட் கம்பெனி கஸ்டமர் கேருக்கு நாலு தடவை போன் போட்டேன், நாலு தடவையும் ஒரே பதில், ரௌட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார். கடைசில கம்பத்துல கேபிள் இழுக்க வந்த தம்பிகிட்ட டீ வாங்கி குடுத்து கேட்டேன். அவன் ரௌட்டர் ஸ்டேட்டஸ் பேஜ்ல வான் (WAN) ஐபியை, அதாவது கம்பெனி நம்ம ரௌட்டருக்கு குடுத்திருக்கிற நம்பரை பாத்தான், 100.72ன்னு ஆரம்பிச்சுது, "அண்ணே இது ஷேர்டு ஐபிண்ணே, வெளியில பல வீட்டுக்கு ஒரே நம்பர், நீங்க தலைகீழா நின்னாலும் போர்ட் திறக்காது, உங்களுக்குன்னு மாறாத ஸ்டேட்டிக் ஐபி வேணும்னா மாசாமாசம் தனி காசு"ன்னுட்டு டீ கிளாஸை வச்சுட்டு போயிட்டான். அரை நிமிஷம்கூட ஆகல சார்.

100.64ல இருந்து 100.127 வரைக்கும் இருக்கிற நம்பரெல்லாம் கம்பெனிக்காரங்க உள்ளுக்குள்ள பங்கு போட்டுக்கறதுக்குன்னே 2012ல ஒதுக்கினதாம். அதாவது நம்ம தெருவுக்கு முன்னாடியே ஒரு பெரிய கேட்டு, தபால் அங்கேயே நின்னுடுது, நான் என் வீட்டு நடையில என்ன எழுதி ஒட்டினா யாரு பாக்கறா. அவங்களையும் முழுசா குத்தம் சொல்ல முடியாது, பழைய ஐபி முறையான ஐபிவி4ல மொத்தமே சுமார் 430 கோடி நம்பர்தான், ஆசியா பக்கத்து ஸ்டாக்கு 2011லயே கிட்டத்தட்ட காலி.

ஆனா கனெக்‌ஷன் குடுக்கும்போது ஸ்பீடு, ஓடிடி எல்லாம் நோட்டீஸ்ல பெருசா போட தெரியுதுல்ல, இது ஷேர்டு ஐபின்னு ஒரு வரி போட்டா என்ன? கடையில சிசிடிவி வச்சு வீட்ல இருந்து நேரா பாக்க நினைக்கிறவங்களும் இதே பள்ளத்துலதான் விழறாங்க, என் கஸ்டமர் ரெண்டு பேருக்கு நான் கேமரா பதிவு பண்ற டிவிஆர் பொட்டியே கெட்டுப்போச்சுன்னு சொல்லிட்டேன், அந்த வெக்கம் வேற. டெலிகாம் கம்பெனிகளை கவனிக்கிற ட்ராய் ஆணையம் இதை விண்ணப்ப ஃபாரம்லயே போட வைக்கணும். உங்க பேப்பர்ல இதைப்பத்தி ஒரு தடவை எழுதுங்க சார். போர்ட்டை தொடுறதுக்கு முன்னாடி வான் ஐபியும், வெளியில தெரியிற ஐபியும் ஒண்ணான்னு பாருங்கன்னு மட்டும் போட்டாலே போதும், நாலு பேருக்கு தூக்கம் மிச்சம்.

அத்தை வீட்டு கனெக்‌ஷன்ல அந்த ரெண்டு ஐபியும் ஒண்ணாவே இருந்துச்சு. சர்வரை இப்ப எர்ணாவூருக்கு மாத்தியாச்சு. ஒயிட்லிஸ்ட் போட்டு தெரிஞ்ச பசங்களை மட்டும்தான் விடுறாங்க. அங்க கரண்ட் போனா என் பையன் முதல்ல அத்தைக்குத்தான் போன் போடறான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை – 81