குட்டிப் பையனின் முதல் பல்

அன்புள்ள செல்வி,

ஆறு மாதத்திலேயே கீழே இரண்டு பல்லா! படித்ததும் அப்படியொரு சந்தோஷம். ஜொள்ளு வடிக்கிறான், கிடைத்ததை எல்லாம் கடிக்கிறான், ராத்திரி தூக்கமே இல்லை என்கிறாய். கையை நன்றாகக் கழுவிக்கொண்டு விரலால் ஈறை மெதுவாகத் தேய்த்துவிடு, இல்லையென்றால் ஃபிரிட்ஜில் வைத்த ஈரத்துணியைக் கடிக்கக் கொடு. வலியை மரக்கவைக்கும் ஜெல் மட்டும் வேண்டாம். அதிலிருக்கும் பென்சோகெயின், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் சக்தியையே குறைத்துவிடக்கூடும். உடம்புச் சூடு 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் பல் முளைக்கிற காய்ச்சல் என்று விட்டுவிடாதே, டாக்டரிடம் காட்டு.

நான் எழுத உட்கார்ந்தது இன்னொரு விஷயத்துக்காக. என் மூத்தவள் பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்குவாள், அழாமல் தூங்குகிறாளே என்று நானும் விட்டுவிட்டேன். தூக்கத்தில் எச்சில் குறைந்துவிடும், பால் பல்லிலேயே தேங்கி நிற்கும், கிருமிகள் அதிலுள்ள சர்க்கரையை அமிலமாக்கிப் பல்லை அரிக்கும். கீழ்ப்பல்லை நாக்கு காப்பாற்றிவிடும், மேலே முன்பற்கள்தான் முதலில் போகும். இரண்டு வயதில் அவளுக்கு நான்கும் பழுப்பேறி, வலியில் சாப்பாட்டைத் துப்பினாள் செல்வி. விழப்போகிற பல்தானே என்று எத்தனை பேர் சொன்னார்கள்! பால் கடைவாய்ப்பல் 10, 12 வயது வரை இருக்கவேண்டியது, பின்னால் வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பதே அதுதான்.

அதனால் பாலைக் கொடுத்துப் பல்லைத் துடைத்துவிட்டுப் பிறகு படுக்கவை. அடிக்கடி மேலுதட்டைத் தூக்கிப் பார். ஈறோரம் வெள்ளையாகக் கோடு போலத் தெரிந்தால் அதுதான் சொத்தையின் ஆரம்பம், அப்போதே போனால் ஃபுளோரைடு பூசியே நிறுத்திவிட முடியும். எனக்கு அப்படிப் பார்க்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, அந்த ஆதங்கம் இன்னும் போகவில்லை.

பிரஷ் இப்போதே ஆரம்பிக்கலாம், மிருதுவான குட்டி பிரஷ், காலையும் ராத்திரியும். ஃபுளோரைடு பேஸ்ட் ஒரு அரிசி அளவுதான், மூன்று வயது வரை அதற்கு மேல் வேண்டாம். மடியில் தலை வைத்துப் படுக்கப்போட்டால் வாய் நன்றாகத் தெரியும். அப்புறம், நீ வாயில் வைத்த ஸ்பூனை அவனுக்குக் கொடுக்காதே, நம் வாய்க் கிருமி அப்படித்தான் போய்ச் சேருகிறது. முதல் பிறந்தநாளுக்குள் பல் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடு.

பிரஷ் வைக்க விடுகிறானா, வாயை இறுக்கிக்கொள்கிறானா? உடனே எழுது.

உன்
மீனா