மோலுக்கு முன்னால் ஒரு குரோஸ் பட்டன்

ஆசிரியருக்கு வணக்கம்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஸ்டோரில் வேலை பார்க்கிறேன். பட்டன், லேபிள், எலாஸ்டிக் எல்லாம் என் கணக்கு. மகள் பதினொன்றாம் வகுப்பு. வேதியியலில் முதல் பாடமே மோல் கணக்கு. முதல் பரீட்சையிலேயே மார்க் குறைந்துபோய், "எனக்குக் கெமிஸ்ட்ரி வராதுங்கப்பா" என்று புத்தகத்தை மூடிவிட்டாள்.

நோட்டைப் புரட்டினேன். 6.022 × 10²³ என்ற எண்ணைச் சுற்றிக் கட்டம் போட்டிருந்தது. அடியில், எடையை மூலக்கூறு நிறையால் வகுக்க வேண்டும் என்று ஒரே வரி. ஏன் வகுக்க வேண்டும் என்று கேட்ட பிள்ளைகளிடம், மனப்பாடம் செய்தால் போதும் என்றார்களாம். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஏனென்றால் அந்தக் கணக்கைத்தான் நான் தினமும் போடுகிறேன். பட்டன் குரோஸ் கணக்கில் வரும். ஒரு குரோஸ் என்றால் 144. மூட்டையைப் பிரித்து யாரும் ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. 144 பட்டனை எண்ணித் தராசில் வைப்போம். அது 36 கிராம் என்றால், 3.6 கிலோ பையில் 100 குரோஸ். பட்டன் பெரிதானால் குரோஸின் எடை கூடும், எண்ணிக்கை மாறாது. மோலும் இதேதான்: குரோஸ் என்றால் 144 என்பதுபோல, மோல் என்றால் அந்த 6.022 × 10²³ துகள்கள். 2019 முதல் 6.02214076 × 10²³ என்ற எண்ணையே மோலின் வரையறையாக வைத்துவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக் கடையில் எலெக்ட்ரானிக் தராசை இரவல் வாங்கி வந்து, தண்ணீர் 18 கிராம், உப்பு 58.5 கிராம், அஸ்கா (சர்க்கரை) 342 கிராம் நிறுத்து வைத்தோம். நிறை எண் எவ்வளவோ அத்தனை கிராம் எடுத்தால் அது ஒரு மோல் என்பதால், மூன்றுமே ஒவ்வொரு மோல். தண்ணீர் ஒரு மடக்குகூட இல்லை, அஸ்கா கிண்ணத்தில் வழிந்தது. "ரெண்டுலயும் மூலக்கூறு அதே எண்ணிக்கைதானுங்களாப்பா?" என்று குனிந்து குனிந்து பார்த்தாள்.

அப்புறம் அவளுடைய அப்பாரு (தாத்தா) தோட்டத்துக்குப் போனபோது, யூரியா மூட்டையில் 46 சதம் நைட்ரஜன் என்று போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, சாளை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து யூரியாவின் மூலக்கூறு நிறையை அவளே போட்டாள். கார்பன் 12, ஆக்சிஜன் 16, நைட்ரஜன் இரண்டு 28, ஹைட்ரஜன் நான்கு 4, ஆக 60. அதில் 28 என்றால் 46.67 சதம். 45 கிலோ மூட்டையில் சுமார் 21 கிலோ நைட்ரஜன். அப்பாருக்கு அதைச் சொன்னபோது அவள் குரலே மாறியிருந்தது.

சமன்பாட்டுக் கணக்குக்கும் இங்கே உதாரணத்துக்குப் பஞ்சமில்லை. சாயப்பட்டறையில் 40 கிராம் காஸ்டிக் சோடாவை நடுநிலையாக்க 60 கிராம் அசிட்டிக் அமிலம் வேண்டும். கந்தக அமிலம் என்றால் 49 கிராமே போதும், அதன் ஒரு மூலக்கூறு இரண்டு காஸ்டிக்குக்கு ஈடு கொடுக்கும். எடைக்கு எடை சரியாக இருக்காது, எண்ணிக்கைதான் ஈடாக வேண்டும் என்பது பிள்ளைகளுக்கு அங்கே பிடிபட்டுவிடும்.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: அந்தப் பெரிய எண்ணைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன், ஒரே ஒரு பீரியட் ஆய்வகத் தராசை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். உங்கள் மாணவர் பக்கத்திலும் இப்படி நம்மூர்ப் பொருள்களை வைத்து மோல் கணக்குகள் போட்டால், வெட்டி நோட்டில் ஒட்டிவைக்கக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருப்பூர்