தலைக்கட்டுக் கணக்கில் வராதவர்கள் சார்பாக ஊர்ப் பெரியவர்களுக்கு

மேலூர்ப் பக்கத்து எங்கள் ஊர் அம்பலகாரர்களுக்கும், மந்தையில் உட்கார்ந்து முடிவெடுக்கிற பெரியப்பா, சித்தப்பா, மாமன்மார் எல்லோருக்கும் வணக்கம்.

அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் தலைவர் பதவியை ஏலம் விட்டு, வரும் பணத்தைக் கோயில் கும்பாபிஷேகத்துக்கு வைத்துக்கொள்ளலாம், போட்டியும் வேண்டாம் சண்டையும் வேண்டாம் என்று பேசி முடித்திருக்கிறீர்கள். "ஊரே சம்மதிச்சிருச்சு" என்கிறீர்கள். எந்த ஊர்? குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி கொடுக்கிற ஆம்பளைகள் கூடின கூட்டம் அது. அப்பா போன பிறகு எங்கள் வீட்டுக்கு அரை வரி. சலுகைதான், மறுக்கவில்லை. ஆனால் வரி அரையானதோடு அம்மாவைக் கேட்டுச் செய்வதும் நின்றுபோனது. கண்மாய்க்கு அந்தப் பக்கத்துத் தெருவில் வரியே வாங்குவதில்லை, அதனால் கூட்டத்துக்குத் தகவலும் இல்லை.

"அஞ்சு விரலும் ஒண்ணாவா இருக்கு?" என்று ஒரு மாமா கேட்டார். இல்லைதான். எல்லோருக்கும் ஒரே திறமை என்று யார் சொன்னது? மடையை எவ்வளவு திறந்தால் கடைசி வயல்வரை தண்ணீர் ஏறும் என்பது நீர்பாய்ச்சிக்குத்தான் தெரியும், அதற்குப் போய் ஓட்டெடுப்பு நடத்தினால் பயிர் காயும். ஆனால் கண்மாய் பாதிதான் பெருகின வருஷத்தில் யார் வயலைக் காப்பாற்றுவது, யாருடையதைக் காயப்போடுவது என்பது அவர் கைத்திறமையில் அடங்குகிற விஷயம் இல்லை, அதில் நஷ்டப்படப்போகிறவனும் வாய் திறந்து பேசியாக வேண்டும். அரசியலில் சமம் என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: பிறப்போ காசோ படிப்போ இருப்பதாலேயே அடுத்தவனை ஆள யாருக்கும் பாத்தியதை வந்துவிடாது, ஆளப்படுகிறவனிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

படிப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. பெண்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று வாதாடிய ஜான் ஸ்டூவர்ட் மில்லே, 1861இல், படித்தவர்களுக்குக் கூடுதல் ஓட்டு தரலாம் என்று எழுதினார். பிரிட்டனில் பட்டதாரிகளுக்கு இருந்த இன்னொரு ஓட்டு 1948 சட்டத்தில்தான் ஒழிந்தது. குடவோலைப் பெருமை பேசுகிற தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை: உத்திரமேரூர் கல்வெட்டுப்படி நிலமும் சொந்த வீடும் இருந்தவர் பெயர்தான் ஓலையில் ஏறும், அதுவும் பிராமணர் சபை. நம்மில் ஒருத்தர் பெயரும் அந்தக் குடத்துக்குள் போயிருக்காது!

சரி, தேர்தலிலும் காசுதானே, ஏலத்திலாவது காசு கோயிலுக்குப் போகிறதே என்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் காசு வாங்கினவளும் இளஞ்சிவப்புச் சீட்டோடு மறைப்புக்குள் போனால் யாருக்குக் குத்துகிறாள் என்று உங்களுக்குத் தெரியாது. ஏலத்தில் அந்த மறைப்பே கிடையாது.

ஓட்டு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லமாட்டேன். அரசியலில் சமம், சமூக வாழ்விலும் பொருளாதாரத்திலும் சமமின்மை என்ற முரண்பாட்டுக்குள் நுழையப்போகிறோம் என்று அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்றே எச்சரித்தார். நமக்கு அதற்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. மேலவளவில் ஜெயித்து ஊராட்சித் தலைவரான தலித் முருகேசனையும் அவரோடு இருந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாப்பட்டி, கீரிப்பட்டியில் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட பிறகு, 2006வரை பத்து வருஷம் ஒழுங்காக ஒரு தேர்தல் நடத்த முடியவில்லை. அங்கேயும் "ஊர் முடிவு" என்றுதான் சொன்னார்கள்.

ஊர் முடிவுக்கும் ஒரு எல்லை உண்டு. தெருவிளக்கு எங்கே போடுவது, குப்பைக்கிடங்கு எங்கே வைப்பது என்பதில் பெரும்பான்மை சொல்வதை நான் ஒத்துக்கொள்ள வேண்டும், பிடிக்காவிட்டாலும். ஆனால் என் ஓட்டு ஊர்ப் பொதுச்சொத்து இல்லை, கண்மாய் மீன் மாதிரி குத்தகைக்கு விட. ஆயிரம் பேர் சம்மதித்தாலும் அவரவர் ஓட்டைத்தான் அவரவர் விட்டுக்கொடுக்கலாம், சம்மதிக்காத ஒருத்தியின் ஓட்டைச் சேர்த்து விற்க முடியாது. பதவியை ஏலம் விடுவது சட்டப்படி குற்றம் என்று தேர்தல் நேரத்தில் சொல்லத்தான் செய்கிறார்கள், அது உங்களுக்கும் தெரியும்.

கும்பாபிஷேகத்துக்கு எங்கள் வீட்டிலும் வரி கேளுங்கள், முழு வரியாகவே தருகிறோம். அடுத்த கூட்டத்துக்கு அம்மாவும் நானும் வருவோம், கண்மாய்க்கு அந்தப் பக்கத்துத் தெருவுக்கும் தகவல் சொல்லுங்கள். ஏலப் பேப்பரில் கையெழுத்துப் போடமாட்டேன். யாராவது எதிர்த்து மனுத்தாக்கல் செய்ய வந்தால் முன்மொழிகிறவர் இடத்தில் என் பெயர் இருக்கும்.