ஆர்டி மைனஸ் எஸ் ஸ்கொயர்

மாப்ளே,

நலம். அம்மா இப்போது எழுந்து நடக்கிறார்களா? பதில் போடாமல் இத்தனை நாள் இழுத்ததற்குத் திட்டப்போகிறாய். திட்டு, ஆனால் இதைப் படித்துவிட்டுத் திட்டு.

நம் வகுப்பில் மொட்டை, ராகம் போட்டுப் பாடுவானே, 'ஆர்டி மைனஸ் எஸ் ஸ்கொயர்', ஞாபகம் இருக்கிறதா? இரண்டு மாறிச் சார்பில், சாய்வு பூஜ்யமான புள்ளியில் எக்ஸ் வழி இரண்டாம் வகைக்கெழு ஆர், ஒய் வழி டி, இரண்டும் கலந்தது எஸ். நேர்மறை வந்தால் சிறுமம் அல்லது பெருமம், எதிர்மறை வந்தால் சேணப்புள்ளி, அதாவது ஒரு பக்கம் ஏற்றம், இன்னொரு பக்கம் இறக்கம். அதை எழுதியே மார்க் வாங்கினோம். இங்கே புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு கேள்வி கேட்டாள்: "எக்ஸ் பக்கம் போனாலும் மேலே வளையுது, ஒய் பக்கம் போனாலும் மேலே வளையுது. அப்புறம் எப்படி சார் அது பள்ளமில்லாமப் போகும்?"

நீயாக இருந்தால் மொட்டையின் பாட்டைப் பாடித் தப்பித்திருப்பாய். எனக்குத் தெரியாதா!

எக்ஸ் ஸ்கொயர் + 3 எக்ஸ்ஒய் + ஒய் ஸ்கொயர். இதை எடுத்துக்கொள். ஆதிப்புள்ளியில் சாய்வு பூஜ்யம். இரண்டாம் வகைக்கெழுக்களை அணியாக அடுக்கினால் முதல் வரியில் 2, 3. அடுத்த வரியில் 3, 2. மூலைவிட்டத்தில் இரண்டுமே 2, அச்சுகளின் வழியே பார்த்தால் அழகான பள்ளம். இப்போது ஒய் = மைனஸ் எக்ஸ் என்ற கோட்டில் நடந்து பார். சார்பு வெறும் மைனஸ் எக்ஸ் ஸ்கொயர் ஆகிவிடுகிறது, இரு பக்கமும் சரிவு! எல்லாம் அந்த 3 பார்த்த வேலை. ஒய் பக்கம் நகர நகர எக்ஸ் திசைச் சாய்வு எவ்வளவு மாறுகிறது என்பதுதான் அந்த எண். அச்சை விட்டு விலகாதவன் கண்ணில் அது படவே படாது. 3-ஐ 1 ஆக்கிப் பார், அதே கோட்டில் பிளஸ் எக்ஸ் ஸ்கொயர் வரும், பள்ளம் பள்ளமாகவே இருக்கும்.

அந்த அணியின் ஐகன் மதிப்புகள், அதாவது அதன் முதன்மைத் திசைகளில் வளைவின் அளவுகள், 5, மைனஸ் 1. ஒரு திசையில் ஏற்றம், அதற்குச் செங்குத்தான திசையில் இறக்கம். பெருக்கினால் மைனஸ் 5, அதுதான் நம் ஆர்டி மைனஸ் எஸ் ஸ்கொயர்! இரண்டு ஐகன் மதிப்புகளும் எதிரெதிர்க் குறியா என்று பார்க்கத்தான் அந்தப் பாட்டு. இதை ஒரு வரி சொல்லிக்கொடுத்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது, மாப்ளே. மூன்று மாறி வந்தால் பாட்டு உதவாது. 1, மைனஸ் 1, மைனஸ் 1 என்று ஐகன் மதிப்புகள் இருந்தால் அவற்றின் பெருக்கற்பலனான அணிக்கோவை பிளஸ் 1. புள்ளியோ சேணம்.

இரண்டு மாறியிலேயே அணிக்கோவை பூஜ்யமானால், சிறுமமா இல்லையா என்று அணி வாயே திறக்காது. பெயானோ (Peano) என்ற இத்தாலியக் கணிதவியலாளர் ஒரு சார்பு வைத்திருக்கிறார்: (ஒய் − எக்ஸ் ஸ்கொயர்) பெருக்கல் (ஒய் − 2 எக்ஸ் ஸ்கொயர்). ஆதிப்புள்ளி வழியே எந்த நேர்கோட்டில் நடந்தாலும் அங்கே சிறுமம்தான். ஆனாலும் அது சிறுமம் இல்லை. எந்த வழியில் போனால் இறங்கும் என்று கண்டுபிடித்து எழுது. மொட்டையிடம் கேட்கக் கூடாது, அவன் நம்பர் கிடைத்தால் எனக்கும் அனுப்பு.

உன்,
பழைய பெஞ்சு