'எல்லாம் பச்சை' என்னும் அறிக்கைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பணியிட அழுத்தம் பற்றிய தங்கள் கட்டுரை, கத்தும் மேலதிகாரிகளோடு நின்றுவிட்டது. கத்துகிறவரை ஊருக்கே தெரியும். அச்சம் ஊறிப்போன பல அலுவலகங்களில் யாரும் குரலே உயர்த்துவதில்லை. அங்கே பார்க்க வேண்டியது, கெட்ட செய்தி மேலே போய்ச் சேர எத்தனை நாள் ஆகிறது என்பதைத்தான்.

வேலை சரியாகப் போனால் பச்சை, சிக்கலில் இருந்தால் சிவப்பு என்று நிறம் போடும் வாராந்தர அறிக்கையில் மாதக்கணக்காக எல்லாம் பச்சை. கெடுவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது திடீரென்று சிவப்பு. இரண்டே நாளில் எந்த வேலையும் அப்படிக் கெடாது. சொன்னவன் தலையில்தான் விடியும் என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்திருப்பார்கள். நாளைக்குப் பழி தன் மேல் விழக்கூடாது என்று அற்ப விஷயத்துக்கும் நாலு பேருக்கு நகல் போடும் மின்னஞ்சலும் இதே நோயின் அறிகுறிதான்.

மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன், நன்றாக இயங்கும் குழுக்களில்தான் பிழைக் கணக்கு கூடுதல் என்று கண்டார். அவர்கள் மறைக்காமல் சொன்னார்கள் என்பதே அவர் தந்த விளக்கம். 'பிழையில்லாத மாதம்' என்று பரிசு கொடுக்கும் நிர்வாகங்கள் இதை யோசிக்க வேண்டும். பரிசு கிடைப்பது பெரும்பாலும் மறைத்தவருக்கு.

அமெரிக்க விமானத் துறைக்காக 1976 முதல் நாசா நடத்தும் திட்டம் நல்ல முன்மாதிரி. தெரியாமல் விதி மீறிய விமானி 10 நாட்களுக்குள் தானே எழுதிக் கொடுத்தால், பொதுவாக அபராதமோ உரிம நிறுத்தமோ கிடையாது. வேண்டுமென்றே செய்த மீறலும் குற்றச் செயலும் விபத்தும் இதில் சேராது. இந்த எல்லைக்கோடுதான் முக்கியம். உங்கள் குழுவிலும் '24 மணி நேரத்துக்குள் சொன்னால் மெமோ இல்லை, மறைத்தால் உண்டு' என்று எழுத்தில் வையுங்கள். வாய்மொழி உறுதியை யாரும் நம்ப மாட்டார்கள்.

மேலாளர் கூட்டத்தில் கடைசியாகப் பேசட்டும். "எல்லாம் ஓகேவா?" என்று கேட்டால் "ஓகே சார்" என்றுதான் வரும். "இதில் முதலில் எது சொதப்பும்?" என்று கேட்டால் விஷயம் வரும். வந்த பிறகு "யார் செய்தது?" என்று ஆரம்பித்தால் போச்சு, அடுத்த முறை எவரும் சொல்ல மாட்டார். (ஐந்து பேர் குழுவில் பெயர் போடாத ஆலோசனைப் பெட்டி வீண். வாக்கிய நடையே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும்.)

ஊழியர்கள், வாய்மொழி உத்தரவு வந்தால் அன்றே நாலு வரி மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்: "பேசியபடி, சோதனையை முடிக்காமலே வெள்ளியன்று அனுப்புகிறோம். தவறாகப் புரிந்திருந்தால் திருத்தவும்." குத்தல் தொனி வேண்டாம். பிரச்சினையைச் சொல்லும்போது எத்தனை நாள் தாமதம், எவ்வளவு செலவு, மாற்று வழி இரண்டு என்று சேர்த்தே சொல்லுங்கள்.

வேலை தேடுவோர் நேர்காணலிலேயே கேட்கலாம்: "குழுவில் ஒருவர் மறுத்துப் பேசி மேலாளர் முடிவை மாற்றியது கடைசியாக எப்போது?" ஒரு சம்பவமாவது சொல்ல வேண்டும். "நாங்கள் எல்லோரும் ஒரே குடும்பம்" என்ற பதில் மட்டும் வந்தால், அந்த இருக்கையில் முன்பு இருந்தவர் ஏன் போனார் என்று அடுத்துக் கேளுங்கள்.

தங்கள்,
மனிதவளத் துறை வாசகர்